வேக்சினியா: பசுவின் பெயர் கொண்ட கிருமி

"பாட்டி, கையிலே என்ன, சுட்டுக்கிட்டீங்களா?" என்று பேரன் கேட்டான். "அம்மை குத்தின தழும்புடா" என்றேன். "அப்போ அம்மையை உங்க உடம்புக்குள்ளேயே விட்டாங்களா?" என்றான். பெரியவர்கள் பலருக்கும் உள்ள சந்தேகம்தான் இது.

உள்ளே விட்டது பெரியம்மைக் கிருமியை அல்ல. 'வேக்சினியா' என்ற வேறொரு கிருமியை. லத்தீனில் 'வாக்கா' என்றால் பசு. பசுவம்மை வந்த பால்காரப் பெண்களைப் பெரியம்மை அண்டுவதில்லை என்ற நாட்டுப்புற நம்பிக்கையை, இங்கிலாந்து மருத்துவர் எட்வர்ட் ஜென்னர் 1796-இல் ஒரு சிறுவனுக்குக் குத்திச் சோதித்தார். 1798-இல் வெளியிட்ட நூலில் பசுவம்மையை 'வேரியோலே வேக்சினே', அதாவது 'பசுவின் பெரியம்மை' என்றார். அந்தச் சொல்லிலிருந்தே 'வேக்சின்' பிறந்தது. ஜென்னரைப் பெருமைப்படுத்த, எல்லாத் தடுப்பு மருந்துக்கும் அப்பெயரே இருக்கட்டும் என்று 1881-இல் லூயி பாஸ்டர் சொன்னார். இன்று குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசிகளில் பசுவம்மைக்குப் பங்கில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அம்மை குத்தப் பயன்பட்ட கிருமி பசுவம்மைக் கிருமியே அல்ல என்று 1939-இல் ஆலன் டௌனி கண்டறிந்தார். அது குதிரையம்மைக் கிருமிக்கே நெருங்கிய உறவு என்று பிற்கால மரபணு ஆய்வுகள் காட்டின. ஆனாலும் பசுவின் பெயரை யாரும் மாற்றவில்லை.

நாம் குடியேறி வாழும் இந்தத் திருவனந்தபுரத்துக்கும் இதில் பங்குண்டு. பெரியம்மையை நாம் வைசூரி என்போம், மலையாளத்தில் வசூரி. அம்மை குத்துவதை இங்கே 'அச்சுகுத்து' என்றார்கள். 'கோவசூரி பிரயோகம்' என்ற ஏட்டுச் சொல்லும் உண்டு. 'கோ' என்றால் பசு; ஜென்னர் வைத்த பெயரின் பொருளேதான். 1813-இல் ராணி கௌரி லட்சுமிபாய் திருவிதாங்கூரில் அம்மை குத்தும் ஏற்பாட்டைத் தொடங்கியபோது, மக்களின் அச்சம் தீர அரச குடும்பத்தாரே முதலில் குத்திக்கொண்டார்கள். 1879-இல் அரசு ஊழியர், மாணவர், கைதிகள் ஆகியோருக்கு அது கட்டாயமாயிற்று.

பெரியம்மை ஒழிந்ததென்று உலக சுகாதார நிறுவனம் 1980-இல் அறிவித்தது. அதனால் நம் பிள்ளைகளுக்கு அந்தத் தழும்பு இல்லை. அவர்கள் தோளில் இருப்பது காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசித் தழும்பு.

வேக்சினியாவின் வேலை இன்னும் முடியவில்லை. 2022 ஜூலையில் இந்தியாவின் முதல் குரங்கம்மை நோயாளி நம் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில்தான் சிகிச்சை பெற்றுக் குணமானார். குரங்கம்மைக்கு இன்று உலகில் போடப்படும் தடுப்பூசியும், வீரியம் குறைத்த வேக்சினியாதான்.

இதையெல்லாம் சொன்னதும் பேரன் என் தழும்பைத் தொட்டுப் பார்த்தான். "வலிச்சுதா பாட்டி?" என்றான். வலித்தது, காய்ச்சலும் வந்தது. ஆனால் வைசூரி வரவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் தழும்பையும் பிள்ளைகளுக்குக் காட்டி, இந்தக் கதையைச் சொல்லுங்கள்.