ஒரு சிறு கோடு

தில்லிக்கு வரும் சொந்தக்காரர்களைத் தாமரைக் கோயிலுக்கு அழைத்துப் போகாத தமிழ்க் குடும்பம் ஏது? அதைக் கட்டிய பஹாய் சமயத்தார் எகிப்தில் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

அங்கே அப்போது 16 வயதானால் அடையாள அட்டை கட்டாயமாக இருந்தது. அதில் மதமும் இருக்கும். கையால் எழுதிய காலத்தில் அந்த இடத்தில் குமாஸ்தா ஒரு கோடு இழுத்துவிட்டால் முடிந்தது. 1990களில் கம்ப்யூட்டர் வந்தது. அதற்குத் தெரிந்ததோ இஸ்லாம், கிறிஸ்தவம், யூதம் மூணே மூணுதான்! பொய் சொன்னால் அட்டை. மறுத்தால் வங்கி, கல்லூரி, வேலை ஒன்றும் கிடையாது.

2006 டிசம்பரில் உச்ச நிர்வாக நீதிமன்றம் கைவிரித்தது. 2008 ஜனவரியில் கீழ்மன்றம் கோட்டுக்கு அனுமதி தர, 2009 மார்ச்சில் மேல்மன்றமும் அதை ஏற்றது. ‘பஹாய்’ என்று எழுத அல்ல, வெறும் கோடு போடத்தான்! அதற்கப்புறமும் மணமானவர்கள் அட்டைக்குத் திண்டாடினார்கள். அவர்கள் கல்யாணத்தை அரசு ஏற்கவில்லையே.