சின்சில்லா: பெயர் ஒன்று, பிராணி இரண்டு

முயல் வளர்ப்பவர்களுக்குச் சின்சில்லா என்ற பெயர் புதிதல்ல. கொடைக்கானல் மன்னவனூர் ஆராய்ச்சி மையத்தில் பராமரிக்கப்படும் சோவியத் சின்சில்லா, தமிழகத்தில் நன்கு அறிமுகமான இறைச்சி முயல் இனம். சாம்பல் நிற ரோமத்தால் அந்த முயலுக்குக் கிடைத்த பெயர் அது. பெயருக்குச் சொந்தமான பிராணி வேறு. அதன் ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலை. கைப்பேசியில் படம் பார்த்துவிட்டு, ‘எனக்கும் அது வேண்டும்’ என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், பணத்தை எடுக்கும் முன் அதன் குணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

இது எலி, அணில் போலக் கொறிக்கும் இனம். எடை அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை. ஒரே மயிர்க்காலில் 50-க்கும் மேற்பட்ட மயிர்கள் முளைப்பதால் ரோமம் பட்டுப்போல் இருக்கும். அந்த ரோமமே அதற்கு எமனாகவும் ஆனது. தோலுக்காக லட்சக்கணக்கில் வேட்டையாடி, காட்டில் ஏறக்குறைய அழித்தே விட்டார்கள். சிலியில் வேலை பார்த்த சாப்மன் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் 1923-ல் 11 சின்சில்லாக்களைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். அமெரிக்க வீடுகளில் இன்று வளர்பவை பெரும்பாலும் அவற்றின் வாரிசுகளே.

பகல் முழுவதும் தூக்கம். வீட்டார் விளக்கை அணைத்துப் படுக்கும் நேரத்தில்தான் கூண்டில் சந்தடி ஆரம்பமாகும். பல் ஆயுள் முழுக்க வளர்வதால் எதையாவது கடித்துக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக், மின்கம்பி எதையும் விடாது. முக்கிய உணவு உலர்ந்த புல்தான். ஆசையாக முந்திரிப்பழமும் திராட்சையும் கொடுத்தால் வயிறு கெட்டுவிடும். குளிப்பதும் தண்ணீரில் அல்ல. வாரம் இரண்டு மூன்று முறை, நைசான எரிமலைத் தூளைக் கிண்ணத்தில் வைத்தால், கோழி மண்ணில் புரள்வதுபோல் புரண்டு எழும். ஈரம் பட்டால் அடர்ந்த ரோமம் காயாமல் பூஞ்சை பிடிக்கும். அறை முழுக்கத் தூசி படிவதுதான் வளர்ப்பவர்களின் நிரந்தரப் புலம்பல்.

மடியில் படுத்துக்கொள்ளும் பிராணி என்று எதிர்பார்க்கக் கூடாது. இறுக்கிப் பிடித்தால், பல்லி வாலை விடுவதுபோல், பிடித்த இடத்து ரோமத்தைக் கொத்தாகக் கழற்றிவிட்டு ஓடிவிடும். விலா எலும்பும் மெல்லியது. சிறு பிள்ளைகள் கையில் கொடுப்பது ஆபத்து.

எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் வெயில். சின்சில்லாவுக்கு வியர்வை கிடையாது. 15 முதல் 21 டிகிரி செல்சியஸ் வரை சுகமாக இருக்கும். 25-ஐத் தாண்டினால் திணறத் தொடங்கும். அங்குள்ள வளர்ப்பாளர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பாரன்ஹீட் வெப்ப அளவையும் காற்றின் ஈரப்பத சதவீதத்தையும் கூட்டினால் 150-க்குள் இருக்க வேண்டும். சென்னையில் மே மாத இரவில், வெப்பம் 84, ஈரப்பதம் 70 என்று வைத்தாலே 154 ஆகிவிடும். மின்விசிறியும் உதவாது, வியர்க்காத உடலைக் காற்று குளிர்விக்காது. ஆகவே நம் சமவெளியில் கோடை முழுக்க இரவும் பகலும் ஏசி ஓட வேண்டும். பிற்பகலில் சில மணி நேரம் மின்சாரம் போனால், காது சிவந்து, மூச்சு வாங்கி, ஒருக்களித்துச் சாய்ந்துவிடும். அதன் பிறகு பிழைப்பது அரிது. இந்த நிலையில் ஜில்லென்ற தண்ணீரை மேலே ஊற்றக் கூடாது. குளிர்ந்த அறைக்கு மாற்றி, உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். கொறிக்கும் பிராணிகளைப் பார்த்துப் பழகிய மருத்துவர் பக்கத்து ஊரில் கிடைப்பாரா என்பது அடுத்த கேள்வி.

நன்றாகப் பராமரித்தால் 15 ஆண்டுகள் வாழும், சில 20-ஐயும் எட்டும். இன்று கேட்கும் பிள்ளை கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் புல் போடுவது அம்மாவின் வேலையாகத்தான் இருக்கும். குட்டி விற்று லாபம் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முயலுக்குச் சினைக்காலம் ஒரு மாதம். சின்சில்லாவுக்கு 111 நாள். ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு குட்டிதான்.

வீட்டில் ஒரு பிராணி வேண்டும் என்றால், அந்தச் சாம்பல் நிற முயலே இரண்டு வாங்கி, வேப்ப மரத்தடியில் கூண்டு வைக்கலாம். அதற்கும் வெயில் ஆகாதுதான். கூரைக்குத் தென்னங்கீற்று போட்டு, மதியத்தில் சுற்றிலும் ஈரச் சாக்கு கட்டிவிட வேண்டும்.