குட்டி ஓசி, செலவும் ஓசியா?



தீபாவளி நெருங்கினால் கொழும்பில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் தோட்டத்துக்கு வருவார்கள். வெள்ளவத்தைக் கடைகளிலும் கொட்டாஞ்சேனை வீடுகளிலும் வருசம் முழுக்க உழைத்த பிள்ளைகள். கையில் அம்மாவுக்குச் சேலை, தங்கச்சிக்குச் சட்டை, இனிப்புப் பெட்டி. சில சமயம் பிஸ்கட் பெட்டிக்குள் ஒரு நாய்க்குட்டியும் வரும்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அப்படித்தான் வந்தது. மூத்த மகனுக்கு வெள்ளவத்தையில் ஒரு கடையில் வேலை. முதலாளி வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறது. வெள்ளை நிறம், பஞ்சு மாதிரி ரோமம். "ஒன்றைக் கொண்டு போ தம்பி, காசு வேண்டாம்" என்று கொடுத்தார்கள். குட்டிக்கு ஊசி போட்டதா, பூச்சி மருந்து கொடுத்ததா என்று யாரும் கேட்கவில்லை.

லயத்துப் பிள்ளைகள் எல்லாம் அதைத் தூக்கி விளையாடினார்கள். அது கானுக்குள் இறங்கித் திரிந்தது. ஒன்பதாம் நாள் வாந்தி. அடுத்த நாள் இரத்தமாகப் போனது. த்ரீவீல் பிடித்து டவுனுக்கு ஓடி, சேலைன் ஏற்றி, வட்டிக்கு வாங்கிச் செலவழித்தும் பதினோராம் நாள் குட்டி செத்துப்போனது. கொய்யா மரத்தடியில் புதைத்துவிட்டார்கள்.

கதை அதோடு முடியவில்லை. விளையாடும்போது குட்டி சின்ன மகளின் விரலைக் கடித்திருந்தது. பி.எச்.ஐ. ஐயா கேள்விப்பட்டு வந்தார். "கடித்த நாய் செத்துவிட்டது. புதைத்தும் விட்டீர்கள். இனி பிள்ளைக்கு ஊசி போட்டே ஆக வேண்டும்" என்றார். ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். ஆனால் ஒவ்வொரு தவணைக்கும் தாய் மலைக்குப் போகவில்லை. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு பேர் போனது.

"ஓசியில கிடைச்ச குட்டிதானேன்னு நினைச்சோம். பெரிய நாய் வாங்கின காசு போயிடுச்சுங்க" என்று அந்தத் தாய் எங்களிடம் சொன்னார்.

நாய் வளர்க்கக் கூடாது என்று சொல்ல நாங்கள் வரவில்லை. லயத்துக்கு நாய் காவல், பிள்ளைகளுக்குத் துணை. ஆனால் குட்டி வருவதற்கு முன்னரே கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்று பார்ப்போம்.

எண்ணிக்கை மாறாது, விலைதான் மாறும்

மருந்து விலை இடத்துக்கு இடம், வருசத்துக்கு வருசம் மாறும். ஊசி மருந்து பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவது. 2022இல் சில மாதங்களுக்குள் ஒரு டொலர் 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா அளவுக்குப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். ஆகவே போன குட்டிக்குக் கொடுத்த விலையை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். ஆனால் எத்தனை தடவை என்பது மாறாது. ஆறு, எட்டு வாரக் குட்டி ஒன்று வந்தால் முதல் வருசத்துக்கு வேண்டியது இதுதான்:

1. பூச்சி மருந்து. மூன்று மாதம் வரை இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, ஆறு மாதம் வரை மாதம் ஒரு தடவை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. ஆறு வாரத்தில் தொடங்கினால் மொத்தம் 9 தடவை.

2. கூட்டு ஊசி. பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் முதலிய பல நோய்களுக்கு ஒன்றாகப் போடுவது. 8, 12, 16ஆம் வாரங்களில் என்று 3 தடவை. பிறகு ஒரு வருசம் கழித்து ஒன்று.

3. விசர்நாய்க்கடி ஊசி. சின்னக் குட்டிக்கும் போடலாம். மூன்று மாதத்துக்கு முன் போட்டிருந்தால், மூன்று மாதம் முடிந்ததும் திரும்பப் போட வேண்டும். பிறகு வருசா வருசம்.

4. உண்ணிக்கு மருந்து. உண்ணியால் வரும் காய்ச்சல் இலங்கையில் நாய்களுக்கு அடிக்கடி வருவது. இரத்தம் சுண்டி, முரசு வெளுத்து, நாய் சாப்பிடாமல் படுத்துவிடும்.

5. கருத்தடைச் சத்திரசிகிச்சை. ஒரே ஒரு தடவை.

6. அவசரத்துக்கு ஒரு தொகை.

பூச்சி மருந்து நாய்க்குத்தானே என்று விட்டுவிடாதீர்கள். 1911இல் விஞ்ஞானிகள் ஒரு கொக்கிப் புழுவைப் பற்றி எழுதி, அதற்கு நம் சிலோனின் பெயரையே வைத்தார்கள். அது நாய்க் குடலிலும் இருக்கும், மனிதக் குடலிலும் இருக்கும். வெறுங்காலோடு லயத்து வாசலில் ஓடும் பிள்ளைக்கு அந்த மண்ணிலிருந்தே ஏறும். எலிக்காய்ச்சலும் அப்படித்தான், நாயிடமிருந்து மனிதருக்கும் வரக்கூடியது.

பேர்க் கணக்கில் போட்டுப் பாருங்கள்

ரூபாவில் சொன்னால் மனதில் நிற்காது. ஆகவே பேர்க் கணக்கில் சொல்கிறோம். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் அறிவித்த நாட்சம்பளம் 1,350 ரூபா. கணக்கு இலேசாக இருக்க அதையே ஒரு பேர் என்று வைப்போம். உங்கள் செக்ரோலில் இன்று எவ்வளவோ அதை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். கீழே வரும் மருந்து விலைகளும் கணக்குக் காட்டுவதற்காக நாங்கள் வைத்தவை. டவுனில் விசாரித்து உங்கள் விலையை எழுதுங்கள்.

கூட்டு ஊசி ஒன்று 3,000 ரூபா என்று வைத்தால் மூன்றுக்கு 9,000. போய்வர ஒரு தடவைக்கு 600 ரூபா என்றால் மூன்று தடவைக்கு 1,800. மூன்று நாளும் வேலைக்குப் போகாவிட்டால் 4,050. ஆக மொத்தம் 14,850 ரூபா. அதாவது 11 பேர்.

பூச்சி மருந்து தடவைக்கு 150 என்றால் ஒன்பதுக்கு 1,350. ஒரு பேர். உண்ணி மருந்துக்கு மாதம் 300 என்றால் வருசத்துக்கு 3,600. அவசரத்துக்கு மாதம் 500 சேர்த்தால் வருசத்துக்கு 6,000.

எல்லாம் கூட்டினால் 25,800 ரூபா. பன்னிரண்டால் பிரித்தால் மாதம் 2,150. "மாதம் ஒன்றரைப் பேருக்குக் கொஞ்சம் மேல்தானே, சமாளிக்கலாம்" என்று தோன்றும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். செலவு மாதா மாதம் சமமாக வராது. 14,850 ரூபாவும் எட்டாம் வாரத்துக்கும் பதினாறாம் வாரத்துக்கும் நடுவில், இரண்டே மாதத்தில் வந்து நிற்கும்.

குட்டி எப்போது வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். தீபாவளிக்கு வருகிறது. அந்த நேரத்தில் தீபாவளி அட்வான்ஸ் வாங்கிச் செலவழித்திருப்போம். அடுத்த சம்பளத்திலிருந்து அதை வெட்டத் தொடங்குவார்கள். ஜனவரியில் பள்ளிக்கூடக் கொப்பி, சப்பாத்து. கையில் காசு இல்லாத அதே மாதங்களில்தான் குட்டிக்கு மூன்று ஊசியும் வருகிறது. முதல் ஊசியோடு நிறுத்திவிடுகிறோம். ஒரு ஊசி போதாது. தாய்ப்பாலால் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும் வரை ஊசி சரியாகப் பிடிக்காது. அது எப்போது குறையும் என்று வெளியே தெரியாது. அதனால்தான் மூன்று தடவை.

ஆகவே எங்கள் யோசனை இது: அந்த இரண்டு மாதச் செலவு கையில் சேர்ந்த பிறகு குட்டியைக் கொண்டு வாருங்கள். சீட்டுக் கட்டுபவர்கள் குட்டிக்கென்று ஒரு சின்னச் சீட்டுப் போடலாம். இந்தத் தீபாவளிக்கு முடியாவிட்டால் சித்திரைக்குக் கொண்டு வரலாம். நாய்க்குட்டிக்கா பஞ்சம்?

கொழும்பில் உள்ள பிள்ளைகளுக்கு

தம்பி, தங்கச்சி, உங்கள் பெரிய உதவி பெட்டிக்குள் குட்டியைப் போட்டு அனுப்புவதல்ல. தருபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன திகதியில் பிறந்தது? பூச்சி மருந்து எத்தனை தடவை கொடுத்தது? ஊசி அட்டை இருக்கிறதா?

அட்டை இல்லையென்றால், "முதல் ஊசியைப் போட்டுத் தாருங்கள், பிறகு எடுத்துப் போகிறேன்" என்று மரியாதையாகக் கேட்கலாம். காசு வாங்காமல் குட்டி கொடுக்கும் மனம் உள்ளவர்கள் இதற்கும் மறுக்க மாட்டார்கள். வெள்ளவத்தையில் இருந்தால் மிருக வைத்தியரிடம் நடந்தே போகலாம், அல்லது பஸ்ஸில் கொஞ்ச தூரம். தோட்டத்திலிருந்து என்றால் அதே ஊசிக்கு ஒரு நாள் போகும். சந்தையோரத்தில் கிடக்கும் குட்டியைப் பரிதாபப்பட்டுத் தூக்கி வருவதானால் அதற்கும் இதே கணக்குத்தான்.

இலவசமாகக் கிடைப்பதை விட்டுவிடாதீர்கள்

விசர்நாய்க்கடி ஊசியைச் சுகாதாரத் திணைக்களக் குழுக்கள் ஊர் ஊராக வந்து இலவசமாகப் போடுகின்றன. தோட்டத்துக்கு எப்போது வரும் என்று பி.எச்.ஐ. ஐயாவிடமோ எம்.ஓ.எச். அலுவலகத்திலோ கேளுங்கள். கொழும்பில் மாநகர சபை மிருக வைத்தியப் பிரிவில் கேட்கலாம். கருத்தடை முகாம்களும் அவ்வப்போது இலவசமாக நடக்கின்றன. பெட்டை நாய் வருசத்துக்கு இரண்டு தடவை குட்டி போடக்கூடியது. ஒவ்வொரு குட்டிக்கும் மேலே சொன்ன கணக்கு முழுவதும் உண்டு.

மாட்டுக்கு வரும் அரச மிருக வைத்தியர் நாயையும் பார்ப்பார். ஆனால் மனிதருக்கு வாங்கிய மாத்திரையை நாய்க்குக் கொடுத்துக் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். பரசிட்டமோல் கூட நாயின் ஈரலைக் கெடுக்கும்.

எதில் மிச்சம் பிடிக்கக் கூடாது?

மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்ய வசதி இல்லாவிட்டாலும் விசர்நாய்க்கடி ஊசியை மட்டும் விடவே கூடாது. இந்த நோய் வெளியே காட்டத் தொடங்கினால் நாயும் பிழைக்காது, மனிதரும் பிழைப்பதில்லை என்றே சொல்லலாம். 1893இலேயே இந்த நாட்டில் இதற்கென்று ஒரு கட்டளைச் சட்டம் போட்டார்கள். 1973இல் இலங்கையில் 377 பேர் இதனால் இறந்தார்கள். 1975இல் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. வருசா வருசம் நாய்களுக்கு ஊசி போட்டுப் போட்டே, 2010க்குப் பிறகு அந்தத் தொகை ஆண்டுக்கு 50க்கும் கீழே வந்தது. ஒரு இடத்தில் உள்ள நாய்களில் 70 வீதத்துக்கு ஊசி இருந்தால் நோய் பரவுவது நிற்கும் என்பது கணக்கு. உங்கள் லயத்தில் பத்து நாய் இருந்தால் ஏழுக்காவது ஊசி இருக்கிறதா?

"குட்டி நாய்க்கு விசர் வராது" என்று பெரியவர்கள் சிலர் சொல்வார்கள். அது பிழை. குட்டிக்கும் வரும்.

நாயோ குட்டியோ கடித்தாலும், பல்லோ நகமோ கீறினாலும், காயத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு வைக்க வேண்டாம். உடனே அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கொழும்பில் உள்ள பிள்ளைகள் கொட்டாஞ்சேனையிலிருந்து தேசிய வைத்தியசாலைக்கும், வெள்ளவத்தையிலிருந்து களுபோவிலைக்கும் போகலாம். வீட்டு நாய் என்றால் அதை அடித்துக் கொல்லாமல் கட்டிவைத்து 14 நாள் கவனியுங்கள். அதற்குள் செத்தால் புதைக்க வேண்டாம். கையால் தொடாமல் பி.எச்.ஐ. ஐயாவுக்குச் சொல்லுங்கள். தலையைப் பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பினால் நோய் இருந்ததா என்று சொல்லிவிடுவார்கள்.

நாம் முதலில் சொன்ன குடும்பம் இப்போது மறுபடியும் ஒரு குட்டி வளர்க்கிறது. இந்தத் தடவை அம்மா மகனிடம் சொல்லி, வெள்ளவத்தையிலேயே முதல் ஊசியைப் போட்டு அட்டையோடு எடுத்து வரச் செய்தார். பார்வோக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும் என்பதால் வாசலையும் கானையும் பிளீச் போட்டுக் கழுவினார்கள். மூன்றாவது ஊசி முடியும் வரை குட்டியைக் கானில் விடவில்லை. அட்டை காம்பராச் சுவரில், பிள்ளைகளின் கிளினிக் அட்டைக்குப் பக்கத்தில் ஒரே ஆணியில் தொங்குகிறது. நீங்களும் ஒரு ஆணி அடித்து வைத்துவிட்டு, அதன் பிறகு குட்டியைக் கூட்டி வாருங்கள்.