உருகாத அணு எரிபொருள்... கசியும் வெள்ளி! சிலிக்கான் கார்பைடு சுவரில் வழி எங்கே இருக்கிறது?

மொட்டை மாடியில் டைல்ஸ் போட்ட பிறகும் மழைக்காலத்தில் ஒழுகுகிறதா? டைல்ஸ் வழியாகத் தண்ணீர் இறங்குவதில்லை. இரண்டு டைல்ஸுக்கு நடுவே இருக்கும் இணைப்பில்தான் இறங்குகிறது. உயர் வெப்ப அணு உலைகளின் எரிபொருளிலும் கிட்டத்தட்ட இதே பிரச்னைதான். அங்கே ஒழுகுவது கதிரியக்க வெள்ளி!

டிரைசோ என்றால் என்ன?

கசகசா விதை அளவுள்ள ஓர் உருண்டை. குறுக்களவு 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. நடுவில் யுரேனியம். அதைச் சுற்றி நுண்துளைகள் கொண்ட கார்பன், அதற்கு மேல் அடர்ந்த கார்பன், அடுத்து சிலிக்கான் கார்பைடு என்ற பீங்கான், கடைசியாக மீண்டும் கார்பன். சீனாவின் ஷாண்டோங் மாகாணத்தில் 2023 டிசம்பரில் வணிக உற்பத்தியைத் தொடங்கிய ஷிடாவ் விரிகுடா உலையில் இந்த எரிபொருள்தான் இருக்கிறது. அங்கே 6 சென்டிமீட்டர் கிராஃபைட் பந்து ஒவ்வொன்றுக்குள்ளும் சுமார் 12,000 உருண்டைகள்.

இதில் உண்மையான காவல்காரன் சிலிக்கான் கார்பைடு அடுக்கு. தடிமன் வெறும் 35 மைக்ரான், அதாவது தலைமுடியில் ஏறக்குறைய பாதி. 1,600 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிப் பார்த்த சோதனைகளிலும், நன்றாகத் தயாரான உருண்டைகள் பெரும்பாலும் தாக்குப்பிடித்திருக்கின்றன.

அப்போ வெள்ளி எப்படி வெளியே வருகிறது?

யுரேனியம் பிளக்கும்போது கொஞ்சம் வெள்ளியும் உருவாகும். எரிபொருள் எரிய எரிய உள்ளே புளூட்டோனியம் சேரும். அது பிளந்தால் வெள்ளி இன்னும் அதிகம். இந்தச் சாதாரண வெள்ளி ஒரு நியூட்ரானை விழுங்கினால் வெள்ளி-110எம் ஆகிவிடும். இதன் அரை ஆயுள் சுமார் 250 நாள். வீரியமான காமா கதிர்களை வீசக்கூடியது.

அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வகம் 2006 முதல் 2009 வரை சுமார் 3 லட்சம் உருண்டைகளை உலையில் வைத்துச் சோதித்தது. உலையில் இருந்தவரை ஒரு உருண்டைகூட உடையவில்லை. ஆனாலும் வெள்ளி வெளியே வந்திருந்தது. சுவரில் விரிசல் இல்லை. திருடன் மட்டும் தப்பிவிட்டான்!

சந்தேகம் 'எல்லை' மீது

சிலிக்கான் கார்பைடு அடுக்கு ஒரே படிகம் அல்ல. எண்ணற்ற குட்டிப் படிகங்கள் நெருக்கியடித்து நிற்கும் கூட்டம். படிகத்துக்குள் அணுக்கள் வரிசை தப்பாமல் இருக்கும். வெள்ளி அணு பெரியது. அதற்குள் நுழைந்து நகர்வது ரொம்பக் கஷ்டம். அந்த வழியில் மட்டும் போனால் இவ்வளவு வேகமாக வெளியே வரவே முடியாது என்கின்றன கணினிக் கணக்கீடுகள்.

ஆனால் இரண்டு படிகங்கள் சந்திக்கும் எல்லையில் வரிசை குலைந்துவிடும். அங்கே அணுக்களுக்கு இடையே இடம் கொஞ்சம் தாராளம். எல்லா எல்லையும் ஒரே மாதிரி இல்லை என்பதுதான் இங்கே முக்கியமான விஷயம். இரு படிகங்களும் குறிப்பிட்ட கோணத்தில் கச்சிதமாகப் பொருந்தினால் வழி குறுகல். கோணம் தாறுமாறாக இருந்தால் நெடுஞ்சாலை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது எல்லைகளிலும், மூன்று படிகங்கள் சந்திக்கும் முனைகளிலும் வெள்ளி சிக்கியிருந்தது. கூடவே பல்லேடியமும். வெள்ளிக்கு அது வழி திறந்துவிடுகிறதா என்பது இன்னும் முழுதாகத் தீராத கேள்வி.

படிகத்தின் உருவத்தைத் தயாரிப்பின்போதே மாற்றலாம். இந்த அடுக்கு, சூடான உலையில் வாயுவிலிருந்து படிய வைக்கப்படுவது. அந்த வாயுவில் ஆர்கானைச் சேர்த்து, வெப்பத்தையும் குறைத்தபோது படிகங்கள் சிறிதாயின. ஐடஹோ சோதனையில் அந்த ரகமும் இருந்தது.

மக்களுக்கு ஆபத்தா?

இங்கே பயமுறுத்த வேண்டியதில்லை. சிக்கல் உலைக்குள்ளேதான். வெளியேறும் வெள்ளி ஹீலியம் வாயுவோடு பயணித்து, குளிர்ந்த உலோகப் பாகங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். பிற்பாடு அந்த வெப்பப் பரிமாற்றியைத் திறந்து பழுதுபார்க்கப் போகும் தொழிலாளிக்குத்தான் கதிர்வீச்சு. 'தானா குறையட்டும்' என்று விட்டால், 3 சதவீதமாக இறங்கவே ஏறக்குறைய மூன்றரை வருடம் ஆகும். அதுவரை மின் நிலையத்தைப் பூட்டி வைக்க முடியுமா?