கரடுமுரடான சாலைக்கு ஏற்ற சைக்கிள்

சைக்கிள் வாங்குவோர் பெரும்பாலும் அதன் எடையையும் கியர்களின் எண்ணிக்கையையுமே விசாரிக்கின்றனர். கிராமச் சாலைகளில் நாள்தோறும் செல்லும் களப்பணியாளரும் ஆசிரியரும் முதற்கண் கேட்க வேண்டுவது, அவ்வண்டி எவ்வளவு அகலமான டயரை ஏற்கும் என்பதே.

பந்தய வகைச் சைக்கிளின் டயர் பொதுவாக 23 முதல் 28 மில்லிமீட்டர் அகலமுள்ளது. அதில் காற்றழுத்தம் குறைந்தால், கல்லில் மோதும்பொழுது டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே நசுங்கிப் பொத்துவிடும்; மிகுந்தாலோ, ஒவ்வோர் அதிர்ச்சியும் கைகளையும் முதுகையும் நேரே தாக்கும். 35 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் அகலமுள்ள டயர் மிகுதியான காற்றைக் கொள்வதால், குறைந்த அழுத்தத்திலேயே சுமையைத் தாங்கி, சிறு மேடு பள்ளங்களின் அதிர்ச்சியைத் தானே ஏற்றுக்கொள்ளுகிறது. நம் நாட்டுப் பழைய கறுப்புச் சைக்கிளுக்கு ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் டயர் அமைந்தது காரணமின்றி அன்று.

அகன்ற டயரைப் பின்னர் மாட்டிக்கொள்ளலாம் எனக் கருதுவோர், சக்கரத்தைத் தாங்கும் கவைகளின் இடைவெளியை முன்னரே பார்த்தல் வேண்டும். தக்காணத்துக் கரிசல் நிலத்தில் மழை பெய்தபின், களிமண் டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே அடைத்துச் சக்கரத்தையே நிறுத்திவிடும். டயரைச் சுற்றிலும் சுண்டுவிரல் நுழையும் இடமேனும் தேவை.

ரிம்மில் சேறு படிந்தாலும் டிஸ்க் பிரேக் பிடிக்கும். ஆயினும் அதைச் செப்பனிடத் தெரிந்தவர் அருகில் உண்டா என்பதையும் விசாரிக்க.

டயர் மாற்றும்போது ஓர் எச்சரிக்கை: 28 அங்குலம் என்ற ஒரே பெயரில் 622, 635 மில்லிமீட்டர் என இருவகை ரிம் வழங்குகின்றன. ஒன்றின் டயர் மற்றொன்றில் பொருந்தாது.