டிசம்பர் பூவுக்கு ஏற்ற மண் எது? உரத்துக்கு முன்னால் வடிகாலைப் பாருங்கள்

போடிநாயக்கனூர் அருகே ராசிங்காபுரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: ‘தோட்டத்தில் வாய்க்கால் ஓரமாக ஐந்து சென்ட் இடத்தில் டிசம்பர் பூச்செடி வைத்தோம். புரட்டாசி வரை செழிப்பாக இருந்தது. ஐப்பசி மழைக்குப் பிறகு இலை மஞ்சளாகி, மொட்டு வைக்கிற நேரத்தில் பாதிச் செடி வாடிவிட்டது. வீட்டு முற்றத்தில் நிற்கும் செடியோ எந்த உரமும் இல்லாமல் பூக்கிறது. உரம் பற்றவில்லையா? மலையிலிருந்து கறுப்பு மண் கொண்டுவந்து போடலாமா?’

கடிதத்தை வைத்துப் பார்த்தால் குறை உரத்தில் இல்லை. செடி நட்ட இடத்தில் இருக்கிறது. மலை மண்ணும் தேவையில்லை. ஏன் என்று பார்ப்போம்.

மழையைத் தாண்டித்தான் பூக்க வேண்டும்

டிசம்பர் பூவின் தாவரப் பெயர் பார்லேரியா கிறிஸ்டேட்டா. கனகாம்பரம், செம்முள்ளி, மூணாறு மலைகளில் 2018-இல் பூத்த நீலக்குறிஞ்சி எல்லாம் இதே குடும்பம். ஊதா, வெள்ளை, இளஞ்சிவப்பு, வெள்ளையில் ஊதாக் கோடு எனப் பல நிறங்களில் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் பூக்கும். மணம் இல்லாவிட்டாலும், மல்லிகை வரத்து குறைந்த பனிக்காலத்தில் தலையில் வைக்க நம் பெண்கள் விரும்பும் பூ இது.

நமக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதாவது, செடி மொட்டுக்குத் தயாராகும் நேரமும் மண் நீரில் ஊறும் நேரமும் ஒன்றே. மண் துளைகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நின்றால் வேர் மூச்சுவிட முடியாது. பிறகு அழுகல் பூஞ்சாணம் நுழைகிறது. வெயில் காலத்தில் வாடினாலும் தண்ணீர் விட்டால் தேறிவிடும் இந்தச் செடி, வேர் அழுகினால் தேறாது.

முற்றத்துச் செடி பிழைத்ததற்கும் இதுதான் காரணமாக இருக்கும். முற்றம் மேடு, மழைநீர் ஓடிவிடும். வாய்க்கால் ஓரம் பள்ளம், நீர் நிற்கும்.

உங்கள் நிலத்தில் எந்த இடம்?

மலையடிவார ஊர்களில் ஒரே தோட்டத்துக்குள்ளேயே மண் மாறும். மேட்டில் சரளை கலந்த செம்மண், நடுவில் மணல் கலந்த செம்மண், ஓடைப் பள்ளத்தில் வண்டலும் களியும் இருக்கும். டிசம்பர் பூவுக்கு நடுவில் உள்ள மணல் கலந்த செம்மண்ணே முதல் தேர்வு. சரளை மேட்டில் தொழுஉரம் கூடுதலாகப் போட்டு நடலாம். பள்ளம் கடைசித் தேர்வு.

சந்தேகம் இருந்தால் குழி வெட்டிப் பாருங்கள். ஓர் அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்து, தண்ணீர் நிரப்பி முழுவதும் வடிய விடுங்கள். மறுநாள் காலை மீண்டும் நிரப்பி, ஒரு குச்சியை நட்டு அளவு பாருங்கள். மணிக்கு ஒன்று முதல் மூன்று அங்குலம் வரை தண்ணீர் இறங்கினால் நல்ல வடிகால். அரை அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் அந்த இடத்தில் நேரடியாக நட வேண்டாம்.

போன பயிர் என்ன?

தக்காளி, கத்தரி, வெண்டை தொடர்ந்து போட்ட நிலத்தில் வேர்முடிச்சு நூற்புழு இருக்க வாய்ப்பு அதிகம். கனகாம்பரத்தை இது என்ன பாடு படுத்தும் என்பது பூ விவசாயிகளுக்குத் தெரியும். டிசம்பர் பூவையும் தாக்கும்.

வாசகி இன்னொன்றும் செய்ய வேண்டும். வாடிய செடி ஒன்றை மண்ணோடு தோண்டி, வேரைக் கழுவிப் பாருங்கள். வேர் பழுப்பாகி, விரலால் உருவினால் தோல் கழன்றுவந்தால் நீர் தேங்கிய அழுகல். வேரில் சிறு முண்டு முண்டாக இருந்தால் நூற்புழு. நூற்புழு இருந்தால் ஒரு பருவம் செண்டுமல்லி போட்டு, அடுத்த நடவில் குழிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு இடுங்கள்.

சுண்ணாம்பு நிலமா?

மண்ணில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கற்கள் தெரிந்தால் கவனம் வேண்டும். ஒரு பிடி மண்ணில் கொஞ்சம் வினிகர் ஊற்றினால் நுரைத்துப் பொங்கும். இப்படிப்பட்ட மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேருக்குக் கிடைக்காது. நரம்பு பச்சையாக இருக்க, இளம் இலை மட்டும் மஞ்சளாகும். அதற்கு லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட் கரைத்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்து மாலையில் தெளிக்கலாம். ஆனால் இது தற்காலிக மருந்துதான். வேறு இடம் இருந்தால் அங்கே நடுவதே நல்லது.

மலை மண் வேண்டாம்

ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் திரும்பும்போது ஒரு பை மண் எடுத்துவருவது நம் ஊர்களில் உண்டு. இலைமக்கு நிறைந்த அந்த மண் ஏலத்துக்கு அருமையானது. ஆனால் அது அமிலத்தன்மை கொண்டது. நிழலும் ஈரமும் உள்ள இடத்துக்கு உரியது. ஏலத்தைத் தாக்கும் வேர்ப்புழுவும் வேர்முடிச்சு நூற்புழுவும் அதோடு சேர்ந்து வரலாம். காப்புக்காட்டில் மண் அள்ளுவது சட்டப்படி குற்றமும்கூட. அந்த மக்குச் சத்தை உங்கள் வீட்டுத் தொழுஉரமும் மண்புழு உரமும் கொடுத்துவிடும்.

களிமண் மட்டுமே இருந்தால்

களிமண்ணில் இரண்டு கூடை மணல் போட்டுக் கொத்திவிட்டால் சரியாகாது. குறைந்த மணல் களியோடு சேர்ந்து இன்னும் இறுகும். மேட்டுப்பாத்திதான் வழி. மூன்று அடி அகலம், ஓர் அடி உயரத்தில் பாத்தி எடுத்து, செம்மண்ணும் மக்கிய தொழுஉரமும் கலந்து மேலே போடுங்கள். பாத்திகளுக்கு இடையில் தண்ணீர் வெளியேற வாய்க்கால் விடுங்கள். தொட்டி அல்லது சாக்கில் வைப்பவர்கள் இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு தொழுஉரம் கலக்கலாம். அடியில் துளை அவசியம். தென்னைநார்க்கழிவு சேர்ப்பதாக இருந்தால் மக்கியதை மட்டும் சேருங்கள்.

மண் பரிசோதனை

நிலத்தில் 10 முதல் 15 இடங்களில் ஓர் அடி ஆழத்துக்கு ஆங்கில ‘வி’ வடிவக் குழி எடுத்து, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டிச் சேர்த்து, நிழலில் உலர்த்தி, அரை கிலோ அனுப்பினால் போதும். வரப்போரம், எருக்குழி, மரநிழலில் மண் எடுக்காதீர்கள். போடி வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். கார அமில நிலை 6 முதல் 7.5 வரை, மின் கடத்தும் திறன் ஒன்றுக்குக் கீழே இருந்தால் தைரியமாக நடலாம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையும் சேர்த்துப் பரிசோதியுங்கள். உப்புத் தண்ணீர் நல்ல மண்ணையும் கெடுத்துவிடும்.

வாசகர் கேள்விகள்

*எந்த மாதம் நடலாம்?*
ஆனி, ஆடியில் வேர்விட்ட குச்சிகளை நட்டால் மழைக்கு முன்னால் வேர் பிடித்துவிடும். பூ ஓய்ந்ததும் மாசியில் கவாத்து செய்யுங்கள்.

*முழு ஏக்கரிலும் போடலாமா?*
வேண்டாம். பறித்த பூ சீக்கிரம் வாடும். மல்லிகை அளவுக்கு இதற்குச் சந்தை கிடையாது. சீலையம்பட்டி பூ மார்க்கெட்டிலோ உங்கள் ஊர்ப் பூக்கடையிலோ எவ்வளவு எடுப்பார்கள் என்று முதலில் கேளுங்கள். ஐந்து சென்ட்டில் தொடங்குங்கள்.

*வாடாமல் நிற்கும் மீதிச் செடியை என்ன செய்வது?*
இப்போதே செடியைச் சுற்றி மண் அணைத்து, நீர் வெளியேற வழி வெட்டிவிடுங்கள். மண் காயும்வரை உரம் வேண்டாம். பூ முடிந்ததும் வேர் நல்ல நிலையில் உள்ள செடிகளிலிருந்து மட்டும் குச்சி எடுத்து, அடுத்த ஆடியில் மேட்டில் நடுங்கள்.