வானம் பார்க்கும் கோழி

எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் அது ரத்தக் கழிச்சல் என்று கோழி வளர்ப்பவர்களுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். கிள்ளான் பள்ளத்தாக்கின் வெப்பமும் ஈரமண்ணும் அந்த நோயைத் தரும் ஐமீரியா என்ற ஒட்டுண்ணிக்கு மிகவும் பிடித்தவை. தரைவீட்டுக் கொல்லையில் செல்லமாக வளரும் கம்பத்துக் கோழிக்கும் அது வரும். ஆம்புரோலியம் என்ற மருந்தைக் குடிநீரில் கலந்து வைப்பார்கள். சில நாட்களில் ரத்தம் நின்றுவிடும். பெரும்பாலான கோழிகளுக்கு அதோடு கதை முடிந்தது.

சில கோழிகளுக்கு முடிவதில்லை. அளவு கூடிப் போனாலோ, மருந்து நாள்கணக்கில் நீண்டாலோ, ரத்தம் நின்ற கோழி காலூன்ற முடியாமல் கணுக்காலில் குந்திவிடுகிறது. பிறகு கழுத்து பின்னோக்கி வளைந்து, தலை முதுகைத் தொட, அலகு வானத்தைப் பார்த்தபடி நிற்கிறது. மருந்து நஞ்சாகிவிட்டது என்று வளர்த்தவர் பதறுவார். அவர் பதறுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோழிக்கு வந்திருப்பது நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பழைய நோய். மனிதர்களிடம் அதற்குப் பெரிபெரி என்று பெயர். அதன் முடிச்சை அவிழ்த்த ஊர்களில் கோலாலம்பூரும் ஒன்று.

முதலில் மருந்தைப் பார்ப்போம். 1960 வாக்கில் புழக்கத்துக்கு வந்த ஆம்புரோலியத்தின் மூலக்கூறு, வைட்டமின் பி1 என்னும் தயமினைப் போலவே வடிவம் கொண்டது. குடலின் உயிரணுக்களுக்குள் ஐமீரியா பெருகும்போது அதற்குத் தயமின் தேவைப்படுகிறது. தயமின் நுழைய வேண்டிய வழியில் ஆம்புரோலியம் போய் அடைத்துக்கொள்கிறது. உள்ளே போனாலும் பயனில்லை. தயமின் வேலை செய்ய அதனுடன் பாஸ்பேட் சேர வேண்டும். அது சேரும் பகுதியே ஆம்புரோலியத்தில் கிடையாது. ஒட்டுண்ணி பட்டினியில் மடிகிறது. ஐமீரியாவின் வழி எளிதில் அடைபடும், கோழியின் வழி அவ்வளவு எளிதில் அடைபடாது. இந்த மருந்தின் பாதுகாப்பு முழுவதும் அந்த ஒரு வேறுபாட்டை நம்பியே இருக்கிறது. அளவு எல்லை தாண்டினால் கோழியின் வழியும் அடைபட்டுவிடும்.

அப்போது முதலில் தடுமாறுவது மூளையும் நரம்பும். சர்க்கரையைச் சக்தியாக மாற்றும் வேதிவினைகளில் முக்கியமான சிலவற்றுக்குத் தயமின் இல்லாமல் நடக்கத் தெரியாது. மூளையோ சர்க்கரையை நம்பியே வாழ்கிறது. கழுத்தின் முன்பக்கத் தசைகள் செயலிழக்க, பின்பக்கத் தசைகள் தலையை இழுத்துக்கொண்டு போகின்றன. கோழி வானத்தைப் பார்ப்பது அதனால்தான்.

இந்த நோய் மலாயாவில் ஒரு காலத்தில் மனிதர்களை வாரிக்கொண்டு போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் கூட்டம் கூட்டமாக இறந்தார்கள். அதே நாட்டில், அதே வெயிலில் உழைத்த தமிழர்களுக்கு அது அரிதாகவே வந்தது. நெகிரி செம்பிலானில் பணிபுரிந்த மருத்துவர் லெனர்ட் பிராடன் இதைக் கவனித்துத் தட்டைப் பார்த்தார். சீனர்கள் உண்டது ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கல். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் நீரில் கரைந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி தங்கிவிடும். தயமின் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாத காலத்தில், நம் பாட்டிமார் நெல் அவித்த பழக்கம் தோட்டப்புறத்தில் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

அரிசிதான் காரணம் என்று பிராடன் சொன்னதை எல்லோரும் நம்பவில்லை. கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் அதைச் சோதித்தார். 1905 டிசம்பர் 5 அன்று நோயாளிகளை வரிசையில் நிற்கவைத்து எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண்காரர்களுக்குத் தீட்டிய சயாம் அரிசி, இரட்டைப்படை எண்காரர்களுக்கு இந்தியப் புழுங்கல். மற்ற உணவெல்லாம் ஒன்றே. தொற்றாக இருந்தால் கட்டடத்தைப் பற்றி வருமே என்று இடையில் இரு கூட்டத்தையும் கட்டடம் மாற்றியும் பார்த்தார். ஓராண்டு முடிவில், தீட்டிய அரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தார்கள். புழுங்கல் உண்ட 123 பேரில் அந்நோயால் ஒருவரும் சாகவில்லை. அந்தப் பதினெட்டுப் பேரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே இந்த எண்களைப் படிக்க வேண்டும்.

கோழி இதற்குப் பிறகு வருகிறது. கோலாலம்பூரில் 1900-இல் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஹென்றி பிரேசரும் தாமஸ் ஸ்டான்டனும் முதலில் நெகிரி செம்பிலானின் ஜெலுபுவில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர்களிடம் அரிசியை மாற்றி மாற்றிக் கொடுத்து உண்மையை உறுதிசெய்தார்கள். பிறகு கோழிகளுக்குத் திரும்பினார்கள். வெள்ளரிசி தின்ற கோழி கால் விழுந்து கழுத்து வளைந்தது. தவிடு சேர்த்தபோது அப்படி ஆகவில்லை. காக்கும் பொருளைத் தவிட்டிலிருந்து ஆல்கஹாலில் கரைத்து எடுக்கவும் முடிந்தது. ஜாவாவில் ஐக்மன் என்ற மருத்துவர் 1890-களிலேயே கோழிகளிடம் இந்த நோயைக் கண்டிருந்தார். 1929-இல் நோபல் பரிசும் பெற்றார். பிரேசரும் ஸ்டான்டனும் அந்தப் பரிசுப் பட்டியலில் இல்லை. அவர்களுடைய கோழிகளைப் பற்றி இன்று கோலாலம்பூரிலேயே பேசுவார் குறைவு.

இப்போது கொல்லைக் கோழியிடம் திரும்பிப் பாருங்கள். பண்ணைத் தீவனத்தில் தயமின் போதுமான அளவு இருக்கும். செல்லக் கோழிக்கோ வீட்டில் மீந்த வெள்ளைச் சோறுதான் பெரும்பாலும் கிடைக்கிறது. அன்போடு போடும் அந்தச் சோறு, சுரங்கத் தொழிலாளி உண்ட அதே வெறும் அரிசி. பறவையின் உடலில் தயமின் இருப்பு கொஞ்சம்தான். நன்கு வளர்ந்த கோழியே தயமின் அற்ற உணவில் ஏறக்குறைய மூன்று வாரத்தில் விழுந்துவிடும். ஏற்கெனவே குறைந்திருக்கும் அந்த இருப்பின் மேல்தான் ஆம்புரோலியம் வந்து விழுகிறது. லிட்டருக்கு 120 முதல் 240 மில்லிகிராம் வரை, ஓரிரு வாரத்துக்குள் முடிக்க வேண்டிய மருந்து அது. வீட்டில் கரண்டியால் அள்ளிப் போடும்போது அது எளிதில் இரு மடங்காகும். வெயில் ஏறினால் கோழி கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும். தண்ணீரோடு மருந்தும் கூடுதலாகவே போகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மருந்து கொடுக்கும் நாட்களில் கோழி தெம்பாக இருக்கட்டும் என்று வைட்டமின் தூளையும் சேர்த்துக் கலக்கிறார்கள். அந்தத் தயமின் ஒட்டுண்ணிக்கும் போய்ச் சேர்கிறது. மருந்தின் வேலை கெடுகிறது. அதனால் மருந்து முடிந்த பிறகே வைட்டமின் என்பது பொது வழக்கம். கழுத்து வளைந்த கோழியிடம் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழ்: ஆம்புரோலியத்தை உடனே நிறுத்திவிட்டுத் தயமின் கொடுக்க வேண்டும். மருத்துவர் ஊசியாகப் போட்டால் பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே தலை நிமிரத் தொடங்கும்.

நிமிரவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும். வெள்ளைக் கழிச்சல் என்னும் நியூகாசில் நோயிலும் கழுத்து இப்படித் திருகிக்கொள்ளும். அதற்குத் தயமினால் ஒன்றும் ஆகாது, பக்கத்துக் கோழிகளுக்கும் அது பரவும். ஆகவே மருத்துவரிடம் போகும்போது மருந்துப் பொட்டலத்தை எடுத்துப் போவதோடு, எத்தனை நாள், எந்தக் கரண்டியில், எவ்வளவு தண்ணீரில் கலந்தோம் என்பதையும், கோழி தினமும் என்ன தின்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள்.